தராசின் அருகே காத்திருக்கும் அம்மித்: பண்டைய எகிப்தியர் அஞ்சிய இரண்டாம் சாவு

2022-ஆம் ஆண்டு மே மாதம் எகிப்தின் சக்காராவில், ஜோசர் மன்னரின் படிப் பிரமிடை ஒட்டி நடந்த அகழாய்வில், ஒரு சவப்பெட்டிக்குள் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள பாப்பிரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. ‘இறந்தோர் நூல்’ எனப்படும் மந்திரத் தொகுப்பின் படி அது. அதே ஆண்டில் வெளியான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று, இறந்தவரின் இதயத்தை ஓர் இறகுக்கு எதிரே தராசில் நிறுத்துப் பார்க்கும், அந்த மந்திரத் தொகுப்பின் தீர்ப்புக் காட்சியில் இடம்பெறும் அம்மித் என்னும் உருவத்தை, மனிதர்கள் இனிமேல் செய்யப்போகும் குற்றங்களுக்காக இன்றே அவர்களைக் கொன்றுவிட முனையும் கொடுந்தெய்வமாகக் காட்டியது. அம்மித்தைப் பற்றி இணையத்தில் இன்று படிக்கக் கிடைப்பவற்றில் மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன:

1. அம்மித் தீமையின் தெய்வம்.
2. அம்மித் எகிப்தியரின் நரகத்தைக் காக்கும் விலங்கு.
3. இறகைவிடக் கனத்த இதயங்களை அம்மித் தின்பதை எகிப்தியர் ஓவியங்களாகத் தீட்டி வைத்தனர்.

இம்மூன்றில் எதுவும் எகிப்தியர் விட்டுச்சென்ற சான்றுகளோடு பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, அந்த உருவத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது யார் பக்கத்தில், எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயரும் உருவமும்

எகிப்திய மொழியில் ‘அம்’ என்பது விழுங்குதலைக் குறிக்கும் வினை. பெயரின் பிற்பகுதி இறந்தோரைக் குறிக்கிறது. ‘இறந்தோரை விழுங்குவது’ என்பதே அம்மித் என்ற பெயரின் பொருள். அம்முத் என்றும் சிலர் எழுதுவர். பண்டைய எகிப்தியர் உயிரெழுத்துகளைக் குறிக்காமல் எழுதியதால் இந்த வேறுபாடு நேர்கிறது. பெரும்பாலும் இது பெண்ணுருவாகவே கருதப்படுகிறது.

கி.மு. 1275 அளவில் வாழ்ந்த ஹுனெஃபெர் என்னும் அரசவை எழுத்தரின் பாப்பிரஸ் சுருள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இவ்விலங்கின் உடலமைப்பு எழுத்திலேயே தரப்பட்டிருக்கிறது: முன்பகுதி முதலை, பின்பகுதி நீர்யானை, நடுப்பகுதி சிங்கம். நைல் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இம்மூன்றும் கதைகளில் மட்டும் கேட்ட விலங்குகள் அல்ல. படித்துறையில் முதலையும், பாலைவன விளிம்பில் சிங்கமும், விளைநிலத்தை மிதித்துப் படகைக் கவிழ்க்கும் நீர்யானையும் அவர்களின் அன்றாட ஆபத்துகள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதிய மனேத்தோ என்னும் எகிப்தியப் பூசகர், முதல் மன்னர் மேனெஸை நீர்யானை ஒன்று கவ்விச் சென்றதாகவும், பின்னாளில் மக்களைக் கொடுமைப்படுத்திய அக்தோயெஸ் என்ற மன்னன் பித்துப்பிடித்து முதலைக்கு இரையானதாகவும் சொல்கிறார். இவை நடந்த நிகழ்ச்சிகளா என்பது வேறு கேள்வி. முதலையின் வாயில் சாவது கொடியவனுக்குத் தகுந்த முடிவு என்று எண்ணும் மரபு எகிப்தில் இருந்தது என்பதற்கு இரண்டாவது குறிப்பு நல்ல சான்று.

இங்கே பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. நீர்யானை, சிங்கம், முதலை ஆகிய இதே மூன்று விலங்குகளின் உறுப்புகளைக் கொண்டுதான் தவெரெத் என்னும் தெய்வமும் அமைக்கப்பட்டது. தவெரெத்தோ பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணையும் பிறக்கும் குழந்தையையும் காக்கும் தெய்வம். சாதாரண மக்களின் வீடுகளில் தாயத்தாகவும் கட்டில் ஓவியமாகவும் அது இருந்தது. பிறப்பின் வாசலிலும் இறப்பின் வாசலிலும் எகிப்தியர் ஒரே வகை வலிமையை நிறுத்தினர் என்பதே இதன் பொருள் என்று நான் கருதுகிறேன். 1922-இல் கண்டறியப்பட்ட துத்தன்காமனின் கல்லறையில் இருந்த மூன்று சடங்குக் கட்டில்களில் ஒன்று இப்படிப்பட்ட கலப்பு விலங்கின் வடிவில் செய்யப்பட்டது. அதை அம்மித் என்று சிலரும் தவெரெத் என்று சிலரும் அடையாளம் காண்பதே இரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் காட்டும்.

தீர்ப்பு என்ற எண்ணம் வந்த வழி

எகிப்திய மறுமை நூல்களில் மிகப் பழையவை, கி.மு. 2350 அளவில் சக்காராவில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் செதுக்கப்பட்ட ‘பிரமிடு வாசகங்கள்’. இறந்த அரசன் விண்ணுக்கு ஏறித் தெய்வங்களோடு சேர்வதே அவற்றின் நோக்கம்; அவனுடைய இதயத்தை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அடுத்து வந்த காலத்தில் மறுமை அரசனுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் அதிகாரிகளுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் உரியதாக விரிந்தது. சவப்பெட்டிகளின் உட்பக்கத்தில் மந்திரங்கள் எழுதப்பட்டன. மறுமையின் வாசல் பலருக்கும் திறந்தபோது, அதில் நுழையத் தகுதி உள்ளவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. மெரிகாரே என்னும் மன்னனுக்குத் தந்தை சொல்வதாக அமைந்த அறிவுரை நூல், இறந்தபின் மனிதனின் செயல்கள் அவன் பக்கத்தில் குவியலாக வைக்கப்படும் என்றும், தீர்ப்பளிப்போருக்கு ஒரு வாழ்நாள் ஒரு நாழிகையைப் போன்றது என்றும் எச்சரிக்கிறது.

குவியல் பின்னர் தராசாக மாறியது. தராசு, இறகு, எழுத்தர், விழுங்கும் விலங்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த முழுக்காட்சி, கி.மு. 1550-க்குப் பிற்பட்ட புதிய அரசுக் காலத்தின் சுருள்களில்தான் உருப்பெற்றது. ‘இறந்தோர் நூல்’ என்ற பெயர் எகிப்தியர் இட்டதன்று. 1842-இல் இத்தாலியின் தூரின் நகரில் இருந்த ஒரு பிற்காலச் சுருளைப் பதிப்பித்த ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் லெப்சியுஸ் வழியாக அப்பெயர் நிலைத்தது. மந்திரங்களுக்கு எண் கொடுத்தவரும் அவரே. எகிப்தியர் அதைப் ‘பகலில் வெளிப்படுதல்’ என்றே அழைத்தனர். அதாவது, கல்லறை இருளில் அடைபட்டுப் போகாமல் ஒளியை நோக்கி வெளியே வருவதற்கான மந்திரங்கள் அவை.

மண்டபத்தில் நடப்பது என்ன

கி.மு. 1250 அளவைச் சேர்ந்த ஆனி என்னும் எழுத்தரின் சுருளை எடுத்துக்கொள்வோம். தீபஸ் நகரத்தில் கிடைத்த இச்சுருள் ஏறத்தாழ 24 மீட்டர் நீளம் கொண்டது. 1888-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டபின் 37 துண்டுகளாக வெட்டப்பட்டது. அதன் தீர்ப்புக் காட்சியும், 125-ஆம் மந்திரமும் சேர்ந்து தரும் நடைமுறை இது:

1. இறந்தவர் ‘இரு வாய்மைகளின் மண்டபம்’ என்னும் இடத்துக்கு வருகிறார். ஆனியும் அவருடைய மனைவி துத்துவும் குனிந்தபடி உள்ளே நுழைகின்றனர்.

2. மண்டபத்தில் 42 தெய்வங்கள் அமர்ந்திருக்கின்றன. ‘எலும்பை முறிப்பவர்’, ‘குருதி உண்பவர்’, ‘குடலை உண்பவர்’ என்பன அவற்றுள் சிலவற்றின் பெயர்கள். ஒவ்வொரு தெய்வத்தையும் பெயர் சொல்லி விளித்து, ஒவ்வொரு குற்றத்தை இறந்தவர் மறுக்க வேண்டும். கொலை, களவு, பொய் என்பவற்றோடு இன்னும் நுண்ணிய குற்றங்களும் இம்மந்திரத்தில் வருகின்றன: நான் பிறரை அழவைக்கவில்லை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓடும் நீரை அணைபோட்டுத் தடுக்கவில்லை, நிறைகோலில் மோசடி செய்யவில்லை.

3. இதயம் ஒரு தட்டிலும், மாஅத் என்னும் தெய்வத்தின் இறகு மறு தட்டிலும் வைக்கப்படுகின்றன. நரித்தலை கொண்ட அனுபிஸ் தராசின் தூக்குக்குண்டைச் சரிபார்க்கிறார்.

4. ஐபிஸ் பறவையின் தலையை உடைய தோத், எழுதுகோலும் பலகையுமாக நின்று முடிவைப் பதிவு செய்கிறார். அவருக்குப் பின்னால் அம்மித் காத்திருக்கிறது.

5. தோத்தின் அறிக்கையைக் கேட்ட தெய்வங்களின் அவை, ஆனி குற்றமற்றவர் என்று அறிவிக்கிறது. அம்மித்துக்கு ஆனியின் மேல் அதிகாரம் இருக்கக்கூடாது என்றும், படையலும் காணிக்கை வயலில் நிலமும் அவருக்குத் தரப்பட வேண்டும் என்றும் அது ஆணையிடுகிறது. பின்னர் ஹோரஸ் என்னும் தெய்வம் அவரை இறந்தோர் உலகின் அரசரான ஒசைரிஸின் முன் அழைத்துச் செல்கிறது.

ஐந்தாம் படியை ஊன்றிப் படிக்க வேண்டும். இங்கே அம்மித் எதையும் முடிவு செய்வதில்லை. அது விசாரிக்கவில்லை, பதிவு செய்யவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. அவையின் ஆணைக்குக் கட்டுப்பட்டு, அதிகாரம் கொடுத்தால் விழுங்கும். கொடுக்காவிட்டால் அப்படியே அமர்ந்திருக்கும். மனிதர் உயிரோடு இருக்கும்போது அவர்களைத் தேடிச்சென்று தண்டிக்கும் அம்மித்தை எந்த எகிப்தியச் சுருளிலும் காண முடியாது.

இதயம் இறகைவிட இலேசாக இருக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் சரியன்று. ஆனி, ஹுனெஃபெர் இருவரின் ஓவியங்களிலும் தட்டுகள் சமமாக நிற்கின்றன. மாஅத் என்பது வாய்மை, நீதி, உலகின் ஒழுங்கு எல்லாவற்றையும் அடக்கிய சொல். இதயம் அந்த ஒழுங்கோடு ஒத்து நிற்கிறதா என்பதே கேள்வி.

இதயம் ஏன் சாட்சியானது

எகிப்தியர் ‘இப்’ என்று அழைத்த இதயம், இரத்தத்தைச் செலுத்தும் உறுப்பு மட்டுமன்று. நினைவு, எண்ணம், மனச்சான்று எல்லாம் அங்கேயே குடியிருப்பதாக அவர்கள் நம்பினர். தமிழில் ‘நெஞ்சு’ என்ற ஒரே சொல் மார்பையும் மனத்தையும் குறிப்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கின் வழியே அகற்றி எறிந்தனர். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைத் தனித்தனியே காத்து வைத்தனர். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைக்க முயன்றனர். ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்ததை எல்லாம் கூடவே இருந்து பார்த்த ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சி மண்டபத்தில் வாய் திறந்து எதிராகப் பேசிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்திலிருந்து பிறந்ததுதான் 30-பி எண்ணுள்ள மந்திரம்.

‘என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிரான சாட்சியாக எழாதே, அவையில் என்னை எதிர்க்காதே, தராசைக் காப்பவர் முன் என்மேல் பகை கொள்ளாதே’ என்பது அதன் கருத்து. சாணவண்டின் வடிவில் செதுக்கிய பச்சைக் கல்லின் அடிப்பக்கத்தில் இம்மந்திரத்தைப் பொறித்துப் பதப்படுத்திய உடலின் மார்பில் வைத்தனர். வெளி எதிரியைத் தடுக்கும் தாயத்து எந்தப் பண்பாட்டிலும் உண்டு. தன் நெஞ்சைத் தானே கெஞ்சும் தாயத்தைச் செய்தவர்களுக்கு, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அப்படியானால் இது ஏமாற்று வேலை இல்லையா

நியாயமான கேள்வி. இதயத்தின் வாயை மந்திரத்தால் கட்டிவிடலாம், 42 மறுப்புகளையும் எழுதி வைத்துப் படிக்கலாம் என்றால், அம்மித் யாரைத்தான் அச்சுறுத்தியது? பெயருக்கு வெற்றிடம் விட்டு முன்கூட்டியே எழுதிவைத்த சுருள்கள் விற்கப்பட்டதும் உண்மை. சுருளின் உரிமையாளர் பெயருக்குப் பின்னால், தீர்ப்புக்கு முன்பே, ‘மாஅ கெரு’ என்ற தொடர் எழுதப்படுவதும் உண்மை. ‘குரலில் வாய்மையானவர்’, அதாவது வழக்கில் வென்றவர் என்று அதற்குப் பொருள்.

ஆனால் 125-ஆம் மந்திரத்தின் தலைப்பைப் படித்தவர்கள் இதை வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மண்டபத்தை அடையும்போது சொல்ல வேண்டியது இது என்றும், இறந்தவர் ‘செய்த தீமைகள் அனைத்திலிருந்தும்’ அவரைப் பிரித்தெடுப்பதற்காக இது சொல்லப்படுகிறது என்றும் அத்தலைப்பே கூறுகிறது. தீமை செய்திருக்கிறார் என்பதை நூல் ஒளிக்கவில்லை. ‘நான் கொல்லவில்லை, திருடவில்லை’ என்ற சொற்கள் நடந்ததைப் பற்றிய வாக்குமூலம் என்பதைவிட, உடலிலிருந்து அழுக்கைக் கழுவுவதைப் போன்ற சடங்குச் செயல் என்று கொள்வதே தலைப்போடு பொருந்தும். சொல்லுக்குப் பொருளை உண்டாக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பிய சமூகத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நமக்குத் தோன்றுவதைப் போல அவ்வளவு பெரியதாக இருந்திருக்காது. அதே மந்திரத்தில், பசித்தவனுக்கு அப்பமும், தாகித்தவனுக்கு நீரும், ஆடையற்றவனுக்கு ஆடையும், படகில்லாதவனுக்குப் படகும் கொடுத்ததாக இறந்தவர் சொல்கிறார்; பல நூற்றாண்டுகளாகக் கல்லறைச் சுவர்களில் மனிதர்கள் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்த அதே வாசகம் அது.

இரண்டாம் சாவு

அம்மித் இதயத்தை விழுங்கினால் என்ன ஆகும்? இங்கேதான் நரகத்தோடு ஒப்பிடுவது நம்மை வழிதவறச் செய்கிறது. தோத் கணக்கெழுதுவதைக் கண்டவுடன் நமக்குச் சித்திரகுப்தன் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நமக்குப் பழக்கமான புராணக் கதைகளில் நரகம் என்பது வினை தீரும்வரை துன்புறும் இடம். உயிர் அழிவதில்லை, அடுத்த பிறவி காத்திருக்கிறது. அம்மித்துக்கு இரையானவனுக்கு அடுத்தது என்று எதுவும் இல்லை.

எகிப்தியர் கருத்தில் மனிதன் என்பவன் பல கூறுகளின் சேர்க்கை: உடல், இதயம், நிழல், பெயர், படையலை ஏற்கும் ‘கா’, மனிதத் தலையுள்ள பறவையாகப் பறந்து திரும்பும் ‘பா’. முதல் சாவு இவற்றைப் பிரிக்கிறது. சடங்குகளும் தீர்ப்பும் இவற்றை மீண்டும் சேர்த்து, ‘அக்’ என்னும் ஒளியுருவாக ஆக்குகின்றன. இதயம் போய்விட்டால் இந்தச் சேர்க்கை நிகழவே முடியாது. அதைத்தான் ‘மீண்டும் சாதல்’ என்று அவர்கள் அழைத்தனர். 44, 175, 176 ஆகிய மந்திரங்கள் அதிலிருந்து தப்புவதற்கென்றே இயற்றப்பட்டவை.

இந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை நீதிமன்ற ஆவணம் ஒன்றும் காட்டுகிறது. கி.மு. 1155 அளவில் மன்னர் மூன்றாம் ராமேசஸைக் கொல்ல அந்தப்புரத்தில் சதி நடந்தது. அதை விசாரித்த பதிவு தூரின் அருங்காட்சியகத்தில் உள்ள சுருளில் இருக்கிறது. குற்றவாளிகள் சிலரின் பெயர்கள் அதில் வேண்டுமென்றே திரிக்கப்பட்டுள்ளன: ஒருவனுக்கு ‘மெசெத்சுரே’, அதாவது ‘ரே (சூரிய தெய்வம்) அவனை வெறுக்கிறான்’ என்று பெயர். உயிரை எடுத்தபின்னும், மறுமைக்குக் கொண்டுசெல்ல ஒரு நல்ல பெயர் அவனுக்கு மிஞ்சிவிடக்கூடாது என்று அரசு கவலைப்பட்டிருக்கிறது.

அரசர்களின் கல்லறைகளில் வேறு வகைத் தண்டனைகளும் வரையப்பட்டுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் துத்மோசின் கல்லறைச் சுவரில் உள்ள ‘அம்துஆத்’ என்னும் நூல், சூரியன் பாதாளத்தில் கடக்கும் இரவின் 12 மணி நேரங்களை விவரிக்கிறது. பதினொன்றாம் மணியில் ஒசைரிஸின் எதிரிகள் நெருப்புக் குழிகளில் எரிக்கப்படுகின்றனர். அங்கும் எரிவது உடல், தலை, நிழல், பா எல்லாமே. நோக்கம் துன்புறுத்துவதோடு நிற்காமல், அறவே இல்லாமல் ஆக்குவதுவரை செல்கிறது.

அம்மித்தும் அபேப்பும் ஒன்றல்ல

எகிப்தியப் பாதாளத்தில் தீமையின் உருவம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் அது அபேப் என்னும் பெரும்பாம்பு. ஒவ்வோர் இரவும் சூரியனின் படகை மறித்து, விடியலே இல்லாமல் செய்ய அது முயல்கிறது. படகின் முன்னணியத்தில் நிற்கும் சேத் என்னும் தெய்வம் அதை ஈட்டியால் குத்துகிறது. கோயில்களில் அபேப்பை மெழுகில் செய்து, அதன்மேல் துப்பி, இடது காலால் மிதித்து, நெருப்பில் இட்டனர். இச்சடங்கின் வாசகங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெம்னர்-ரிண்ட் சுருளில் முழுமையாகக் கிடைக்கின்றன.

அம்மித்துக்கு எதிராக அப்படி ஒரு சடங்கு இல்லை. அதை வழிபடக் கோயிலும் இல்லை. அபேப் மாஅத்தை அழிக்க வருவது. அம்மித் மாஅத்தின் தராசுக்குக் கீழே இருந்து அதற்குப் பணி செய்வது. ஊரைக் காக்கும் வாளைக் கண்டு குற்றம் செய்தவன் அஞ்சுவான், அதற்காக வாளை யாரும் பகைவன் என்று சொல்வதில்லை. தொலைக்காட்சித் தொடர் செய்த பிழை, காவலின் உருவத்தைக் கலகத்தின் உருவமாக மாற்றியதுதான்.

தின்னும் காட்சி எங்கே

மூன்றாவது கருத்துக்கு வருவோம். தீர்ப்பில் ஒருவர் தோற்று அம்மித்தின் வாயில் விழும் ஓவியம் இறந்தோர் நூல்களில் இல்லை. காரணம் வெளிப்படையானது. இவை பொது மக்களுக்கு அறம் புகட்ட வரைந்த சுவரோவியங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதர் தம்மோடு புதைத்துக்கொண்ட வழித்துணை. வரைந்தது நடக்கும் என்று நம்பியவர், தாம் விழுங்கப்படுவதை வரையச் சொல்லிக் காசு கொடுக்க மாட்டார். ஆனாலும் அம்மித்தை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கடந்து வந்த ஆபத்து இன்னதென்று காட்டாவிட்டால் ‘வாய்மையானவர்’ என்ற தீர்ப்புக்கு மதிப்பில்லை. கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்களின் காலத்தில் தீபஸுக்கு அருகே தேர் எல்-மெதினாவில் கட்டப்பட்ட, ஹத்தோர் என்னும் பெண்தெய்வத்தின் கோயில் சுவரிலும், ஒசைரிஸின் முன் அம்மித் பீடத்தின்மேல் அமர்ந்து காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஓவியம் சொல்லாததை ஒரு கதை சொல்கிறது. உரோமானியர் ஆட்சிக் காலத்தில் தெமோத்திக் என்னும் பிற்கால எகிப்திய எழுத்தில் எழுதப்பட்ட அக்கதையில், இளவரசன் செத்னே இரண்டு சவ ஊர்வலங்களைக் காண்கிறான். ஒன்று பணக்காரனுடையது; ஒப்பாரியும் சிறப்புமாகப் போகிறது. மற்றொன்று பாயில் சுற்றிய ஏழையின் உடல். பின்னால் அழுதுகொண்டு செல்ல யாருமில்லை. பணக்காரனின் முடிவே மேலானது என்று செத்னே சொல்ல, அவனுடைய சிறுவயது மகன் சி-ஒசைர், ஏழைக்கு நடப்பதே உங்களுக்கும் நடக்கட்டும் என்று தந்தையிடம் கூறிப் பாதாளத்துக்கே அழைத்துச் செல்கிறான். அங்கே மூன்று விதி உண்டு என்று மகன் விளக்குகிறான்:

1. நன்மையைவிடத் தீமை மிகுந்தவன் விழுங்கும் விலங்கிடம் ஒப்படைக்கப்படுவான். உடலோடு பாவும் அழியும். அவன் இனி ஒருபோதும் மூச்சுவிடப்போவதில்லை.
2. தீமையைவிட நன்மை மிகுந்தவன் தெய்வங்களின் அவையில் சேர்க்கப்படுவான். அவனுடைய பா விண்ணுக்குச் செல்லும்.
3. இரண்டும் சமமாக இருப்பவன் சோக்கர்-ஒசைரிஸ் என்னும் மறுமைத் தெய்வத்துக்குப் பணிசெய்யும் ஆவிகளோடு சேர்க்கப்படுவான்.

மண்டபத்தின் கதவுக் குடுமி பணக்காரனின் வலக்கண்ணில் பொருத்தப்பட்டிருக்கிறது. கதவு திறக்கும்போதும் மூடும்போதும் அவன் அலறுகிறான். ஏழையோ அரசர்க்குரிய மெல்லிய லினன் ஆடையில் ஒசைரிஸின் அருகே நிற்கிறான். பணக்காரனோடு புதைத்த பொருள்களை எல்லாம் எடுத்து இந்த ஏழைக்குக் கொடுக்கும்படி அங்கே ஆணையிட்டதாக சி-ஒசைர் தந்தையிடம் சொல்கிறான்.